கொல்லை மரம் வாடினால்: காவிரிப் படுகைக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுக் கொல்லையில் தென்னை, வாழை, முருங்கை, எலுமிச்சை, பலா, கீரை என்று வைத்து, சாப்பாட்டில் ஒரு பங்கையாவது அதிலிருந்தே எடுக்க நினைப்பவர்களுக்குக் காவிரிப் படுகையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பூச்சியால் தொடங்குவதில்லை, தண்ணீரால் தொடங்குகின்றன. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அந்த ஏழரை மாதமும் கொல்லையைச் சுற்றி நெல் வயலில் தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அதற்குள்ளேயே வந்து சேரும். தண்ணீர் வரத்து ஓய்ந்த பிறகு, பங்குனி சித்திரையில், அதே களிமண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நெல்லுக்கு இது ஒத்துவரும். பல ஆண்டு நிற்க வேண்டிய மரத்தின் வேர் இரண்டையும் தாங்கியாக வேண்டும். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் மருந்து தெளிப்பானைத் தொடும் முன் மண்வெட்டியை எடுங்கள்.

ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## எதற்கும் முன்: ஒரு குழி

அடிமரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. உச்சி வெயிலில் கிளையின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே, தென்னை என்றால் மரத்திலிருந்து 3 அடி தள்ளி, ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் தோண்டுங்கள். நுனிவேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்து, ஒடித்தால் நறுக்கென்று ஒடிந்தால் வேர் நலமாக இருக்கிறது. வேர் கறுத்து, இரு விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். மண்ணை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடையும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும் இருந்தால் அங்கே பல நாளாகக் காற்றே போகவில்லை.

பிறகு அந்தக் குழியை நீரால் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் 24 மணி நேரம் கழித்தும் நின்றால் அந்த இடத்தில் பலா, எலுமிச்சை, முருங்கை, பப்பாளி எதையும் தரைமட்டத்தில் வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் தோண்டும்போதே குழியில் நீர் ஊறினால் இந்தச் சோதனை தேவையில்லை, விடை கிடைத்துவிட்டது.

## ஐப்பசி கார்த்திகையில் பல மரங்கள் சேர்ந்தாற்போல் மஞ்சளித்தால்

ஒரு மரம் மட்டும் மஞ்சளித்தால் நோயைச் சந்தேகிக்கலாம். வேறு வேறு வகை மரங்கள் ஒரே வாரத்தில் மஞ்சளித்தால் அது தேங்கிய தண்ணீர்தான்.

வீட்டுத் தண்ணீரை முதலில் பாருங்கள். 1000 சதுர அடி கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் இறங்குகிறது. புயல் மழையில் ஒரே நாளில் இது நடக்கும். கூரைக் குழாய், குளியலறைத் தண்ணீர், மாட்டுக்கொட்டகைக் கழுவுநீர் மூன்றும் எந்த மரத்தடியில் போய் நிற்கின்றன என்று மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். குழாயைத் திருப்பி வாழைக்குழிக்கோ குட்டைக்கோ விட்டாலே பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

அடுத்தது வடிகால். கொல்லைத் தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் உள்ளே எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் பயனில்லை. புரட்டாசிக்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும். காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே போட்டால் துண்டு துண்டாகத் துளிர்க்கும். உயரமான இடத்தில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள்.

பக்கத்து வயலின் கசிவு. மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் வரப்போரம் மட்டும் சொதசொதவென்று இருந்தால் இதுதான் காரணம். எல்லையிலிருந்து 3 அடி உள்ளே, 2 அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கசிவுக்கால் வெட்டி வடிகாலில் சேருங்கள். வெட்டிய மண் வீணாகாது, திடல் (கன்று வைக்க உயர்த்தும் மண்மேடு) போட உதவும்.

மரம் வைத்த இடமே பள்ளம். நின்றுகொண்டிருக்கும் மரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து உயர்த்துவது இங்கே எல்லோரும் செய்கிற வேலை. கேடும் அதில்தான். அடிமரத்தின் கழுத்துப்பகுதி மண்ணுக்குள் போனால் பட்டை அழுகி மரம் மெல்லச் சாகும். மரத்தைச் சுற்றி 4 அடி தள்ளி ஒரு கால் வெட்டித் தண்ணீரை இறக்குவதே சரி. அதுவும் பலிக்காவிட்டால் அந்த மரத்தின் மேல் ஆசை வைக்காமல், புதுக் கன்றைத் திடலில் வையுங்கள். எலுமிச்சைக்கு இரண்டரை அடி உயரம், 8 அடி அகலம் போதும். பலாவுக்கு 3 அடி உயரமும் 12 அடி அகலமும் வேண்டும். புதுத் திடல் முதல் மழையில் அரை அடியாவது அமுங்கும் என்பதால் ஆடியிலேயே போட்டு, மழை முடிந்து தையில் கன்று வைப்பது நல்லது.

தண்ணீர் வடிந்தபின் உடனே யூரியாவோ சாணமோ போடாதீர்கள். அழுகிய வேரால் எதையும் எடுக்க முடியாது. மேல்மண்ணை 2 அங்குலத்துக்கு மட்டும் கொத்திக் காற்றோட்டம் கொடுத்து, புதுத் துளிர் வரும்வரை பொறுங்கள்.

பள்ளத்தை மாற்றவே முடியாத கொல்லையில் எதை வைப்பது? தென்னை, நாவல், சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவை ஈரத்தைத் தாங்கும். பப்பாளிக்கு ஓரிரு நாள் தேக்கமே அதிகம்.

*ஆள் அழைக்கும் கட்டம்:* பொது வடிகாலின் மட்டமே உங்கள் கொல்லையை விட உயரமாக இருந்தால். ஊராட்சியிலோ நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்திலோ மனு கொடுங்கள். மதகையோ கரையையோ நீங்களே வெட்டாதீர்கள். உங்கள் கொல்லை வடிந்து அடுத்தவர் வயல் மூழ்கும்.

## மழையில்லாத காலத்தில் மஞ்சளித்தால்

எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. தொழுவுரமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் போதும். துளிர் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கட்டடச் சுண்ணாம்புக் குப்பை கொட்டிய இடமாகவோ ஓயாமல் ஈரமாக இருக்கும் இடமாகவோ இருக்கும், அதை முதலில் சரிசெய்யுங்கள். அவசரத்துக்கு 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். எலுமிச்சையில் இலையே சிறுத்துக் குறுகி, நரம்பிடையில் மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகக் குறைவு. 10 லிட்டர் நீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, வடிகட்டித் தெளியுங்கள்.

## இலை நுனியும் ஓரமும் கருகினால்

முதல் காரணம் வெறும் தாகம். மண்ணை அரை அடி தோண்டிப் பார்த்தாலே தெரியும். ஈரம் இருந்தும் கருகினால் உப்பு. வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி என்று கடலை நெருங்க நெருங்க இது கூடும்.

நீரில் கரைந்த உப்பைக் காட்டும், கடையில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரால் போர் தண்ணீரைச் சித்திரையில் அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண் காட்டி ஏமாற்றும். 450 பிபிஎம்-க்குக் கீழ் இருந்தால் எந்த மரத்துக்கும் பயமில்லை. 450 முதல் 2000 வரை கவனம் தேவை. எலுமிச்சையும் வாழையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். 2000-ஐத் தாண்டினால் தென்னை போன்ற தாங்கும் மரங்களுக்கு மட்டும் விடலாம்.

செய்ய வேண்டியது: தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்தி, இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் ஆவியாகி உப்பு வேர்மட்டத்திலேயே தங்கும். 4 அங்குல மூடாக்கு போடுங்கள். மழைக்காலத்தில் பாத்தியின் கரையை உயர்த்தி மழைநீரை நிறுத்தி ஊறவிட்டு, கசிவுக்கால் வழியாக வெளியேற்றுங்கள். அந்த மழை கழுவுகிற உப்பை வேறு எதுவும் கழுவாது.

ஜிப்சம் போடலாமா? எல்லா உப்பு மண்ணுக்கும் ஜிப்சம் மருந்தல்ல. மொச்சைக் கொட்டை அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை, கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி அதில் மெதுவாகப் போடுங்கள். கலக்காமல் நாலு மணி நேரம் விடுங்கள். கட்டி உடைந்து சரிந்தாலும் சுற்றியுள்ள நீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் தேவையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போலப் புகை கிளம்பி நீர் முழுக்கக் கலங்கினால் அது களர், அதாவது சோடியம் மிகுந்த மண். களருக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். எவ்வளவு என்பது மண் பரிசோதனைச் சீட்டில் வரும், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். போர் தண்ணீரால் டம்ளர் சோதனை செய்தால் அதில் உள்ள உப்பே கலங்கலை அடக்கிவிடும். மழைநீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் நீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

*ஆள் அழைக்கும் கட்டம்:* "இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும்" என்று யாராவது சொல்லும்போது. கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்புத்தான் வரலாம். நிலத்தடி நீர் ஆய்வு செய்யாமல் போருக்குப் பணம் கட்டாதீர்கள்.

## தென்னையில் குரும்பை கொட்டினால்

நல்ல மரத்திலும் பாதிக்கு மேல் குரும்பை (பிஞ்சுத் தேங்காய்) கொட்டும், அது இயற்கை. புதிதாகப் பாளை விடும் மரத்தில் முதல் சில பாளைகள் முழுக்கவே கொட்டலாம். பாளைக்கு இரண்டு மூன்றுகூட நிற்கவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

கோடையில் காய்ச்சலும் மழையில் தேக்கமும் மாறி மாறி வந்தால் முதலில் கொட்டுவது குரும்பைதான். வட்டப்பாத்தி 6 அடி ஆரத்தில் இருக்கிறதா, கோடையில் வாரம் ஒருமுறையாவது நனைகிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் சத்து. ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் அடிப்படை. ரசாயன உரம் போடுபவர்கள் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பதை இரண்டாகப் பிரித்து ஆனி ஆடியிலும் மார்கழி தையிலும் வையுங்கள். வீட்டு மரங்களில் விட்டுப்போவது பெரும்பாலும் பொட்டாஷ். குருத்து மட்டை விரியாமல் ஒட்டிச் சுருங்கியிருந்தால் போரான் குறைவும் உண்டு. வெண்காரம் (போராக்ஸ்) ஆண்டுக்கு 200 கிராம், அதையும் இரண்டு தவணையாக வையுங்கள்.

## தென்னை மட்டை கத்தரித்தாற்போல் வெட்டுப்பட்டிருந்தால்

விரிந்த மட்டையில் V வடிவ வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு. உள்ளே வண்டு இருந்தால் வளைந்த கம்பியால் குத்தி எடுங்கள். மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் போடுங்கள். இளங்கன்றில் 3 நாப்தலின் உருண்டைகளை இடுக்குகளில் வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம்.

மரத்தில் எவ்வளவு செய்தாலும் வண்டு பிறக்கும் இடம் உங்கள் எருக்குழிதான். குழியைக் கிளறும்போது கட்டைவிரல் பருமனில், ஆங்கில C எழுத்துப்போல வளைந்த வெள்ளைப் புழுக்கள் கிடைத்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை வாங்கி ஈரமான எருவில் கலந்து விட்டால் புழுக்களில் நோய் பரவிச் சாகும். விழுந்த தென்னங்கட்டையை மழையில் ஊறி மட்க விடாதீர்கள், அதுவும் ஒரு பிறப்பிடம்.

## தென்னை அடிமரத்தில் செந்நீர் வடிந்தால்

இந்த அறிகுறியில் அவசரமும் வேண்டும், நிதானமும் வேண்டும். ஒரு வண்டும் இரண்டு நோய்களும் ஒரே மாதிரி தெரியும்.

துளையும் மென்று துப்பிய நாரும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. காதை மரத்தில் வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்கும். இளமரத்தில்தான் அதிகம். ஏறுபவர் கொத்திய காயம், காண்டாமிருக வண்டின் துளை, பச்சை மட்டையை அடியோடு வெட்டிய வடு ஆகியவை வழியாக நுழைகிறது. பச்சை மட்டை வெட்டியே ஆக வேண்டுமென்றால் மரத்திலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். குருத்து இன்னும் நிமிர்ந்திருந்தால் காப்பாற்றலாம், சாய்ந்துவிட்டால் முடியாது. மருந்து செலுத்துவது பயிற்சி பெற்றவர் வேலை. செலுத்திய பின் 45 நாளுக்கு இளநீரோ தேங்காயோ எடுக்கக் கூடாது.

பட்டை வெடித்து அங்கங்கே சாறு வடிந்து கறுத்திருந்தால், கொண்டை நலமாக இருந்தால் சாறு வடிதல் நோய். உளியால் அழுகிய திசுவை நல்ல நிறம் வரும்வரை செதுக்கி எடுத்து எரித்துவிட்டு, காயத்தில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்பது விகிதம். வீட்டுக்கு 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர் போதும். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், இரும்பில் கெட்டுவிடும்.

வடிதல் அடிப்பகுதியில் தொடங்கி மெல்ல மேலேறினால், அடுக்கடுக்காக அடிமட்டைகள் மஞ்சளித்துப் பாவாடைபோல மரத்தைச் சுற்றித் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்டதால் இந்தப் பெயர். கேனோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரை அழிக்கிறது. நோய் முற்றினால் அடியில் பழுப்புநிற விசிறிக் காளான் முளைக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து மணல் கலந்த நிலத்தில் கோடையில் காயவிட்ட தோப்புகள் அதிகம் சிக்குகின்றன.

தொடக்கம் என்றால்: ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரத்தோடு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. ட்ரைக்கோடெர்மா 200 கிராமை எருவில் கலந்து வட்டப்பாத்தியில் இடுதல். 40 லிட்டர் 1 சத போர்டோ கலவையை வேர்ப்பகுதியில் ஊற்றுதல். ட்ரைக்கோடெர்மாவையும் போர்டோவையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒன்று பூஞ்சாணம், மற்றது பூஞ்சாணக் கொல்லி. போர்டோ ஊற்றி மூன்று நான்கு வாரம் கழித்தே ட்ரைக்கோடெர்மா இடுங்கள். நோய் மரத்தைச் சுற்றி 3 அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் அகழி எடுத்துத் தனிமைப்படுத்துங்கள். நோய் மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணீர் ஓடவே கூடாது. ஒரே வாய்க்காலில் தொடர்ச்சியாகப் பாய்ச்சும் தோப்பில் இந்த நோய் வரிசையாக நடப்பதற்கு அதுவே வழி. தோப்புக்குள் உழுது வேரை அறுக்காதீர்கள். நீர் வசதி இருந்தால் இடையில் வாழை வையுங்கள்.

*ஆள் அழைக்கும் கட்டம்:* மூன்றில் எது என்று ஒரு நாளில் தீர்மானிக்க முடியாவிட்டாலே போதும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆரியோபங்கின் என்ற பூஞ்சாணக் கொல்லியும் மயில்துத்தமும் சேர்ந்த கரைசலை வேர் வழியே ஏற்றும் முறையை அங்கே நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். மட்டைகள் விழுந்து கொண்டை சிறுத்த மரத்துக்குச் செலவு செய்வது வீண். வெட்டி, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எரித்துவிடுங்கள்.

## தென்னை, வாழை, கொய்யா இலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆனால்

தென்னங்கீற்றின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைக் கோடுகள் இருக்கும். சுருள் வெள்ளை ஈ வடிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மரம் சாகாது. பூச்சிக்கொல்லி அடித்தால் இந்த ஈயை உண்டு வாழும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் செத்து, ஈ மேலும் பெருகும். மோட்டார் தண்ணீரைக் கீற்றின் அடிப்பக்கம் வேகமாக அடியுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை 6 அடி உயரத்தில் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு 1 லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சியை நல்ல வெயில் நாளில் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும்.

## வாழை அடி இலை மஞ்சளித்து ஒடிந்து தொங்கினால்

பழுத்த இலை ஒன்றிரண்டு தொங்குவது வழக்கம். ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, அடித்தண்டு நீளவாக்கில் வெடித்தால் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு வளையங்கள் இருந்தால் பனாமா வாடல். ரஸ்தாளியில் இது மிக அதிகம், பூவன் தாங்கும். மருந்து தேடாதீர்கள். கிழங்கோடு தோண்டி எரித்து, குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். அதே இடத்தில் ரஸ்தாளி மறுபடி வேண்டாம். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த குழிக்குக் கொண்டுபோகாதீர்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

வளையம் இல்லாமல் தண்டில் துளையும் பிசினும் இருந்தால் தண்டுக் கூன்வண்டு. அறுத்த வாழைத்தண்டை ஒரு அடித் துண்டாக்கி, இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் தரையில் படும்படி போட்டுவைத்தால் வண்டுகள் கூடும். காலையில் புரட்டிப் பொறுக்கலாம்.

குருத்து இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, கொத்தாக நெருங்கினால் முடிக்கொத்து நோய். காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். அசுவினி பரப்புகிறது, குணமாகாது. முதலில் சோப்புக் கரைசல் தெளித்து அசுவினியைக் கொன்ற பிறகு குத்தைத் தோண்டுங்கள். அப்படியே வெட்டினால் அசுவினி பக்கத்து வாழைக்குப் போய்விடும். நோய் வந்த குத்திலிருந்து கன்று எடுக்கவே கூடாது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் கன்றிலும் நோய் இருக்கும்.

தார் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்தால் நோயில்லை, கூட்டம். குத்துக்கு ஒரு தாய், ஒரு பிள்ளை போதும். ஈட்டிபோல ஒடுங்கிய இலையுள்ள கன்றை விட்டு, அகன்ற இலைக் கன்றுகளை மாதம் ஒருமுறை அடியோடு நீக்குங்கள். சில ஆண்டில் கிழங்கு மண்ணுக்கு மேலே ஏறிவிடும், அப்போது மண் அணைத்தாலும் காற்றில் சாயும். இடம் மாற்றி நடுங்கள். வாடல் பற்றிய ஐயத்துக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

## முருங்கை தழைத்தும் காய்க்கவில்லை என்றால்

குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் நிற்கிறதா? அதுதான். தண்ணீரைத் திருப்பி மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். சாணமும் நிறுத்துங்கள். கொஞ்சம் இலை பழுத்துக் கொட்டினால் பூ எடுக்கும். பூ வந்து உதிர்ந்தால் தண்ணீரை ஒரு நாள் வெள்ளமாகவும் பத்து நாள் விடாமலும் ஊற்றுகிறீர்கள் என்று பொருள், அளவைச் சீராக்குங்கள். விதை முருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும், போத்து (கிளைத்துண்டு) நட்டது கூடுதல் காலம் எடுக்கும். காய்ப்பு முடிந்ததும் 3 அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் மழைநீர் தங்காதபடி சாய்வாக வெட்டி, சாணம் அப்புங்கள்.

காயில் பிசின் வடிந்து நுனியிலிருந்து காய்ந்தால் காய் ஈ. விழுந்த காயைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்துப் பிஞ்சிலேயே தெளியுங்கள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டும் கம்பளிப்பூச்சிக்குத் தீப்பந்தம் பிடிப்பார்கள். பட்டை வெந்து அந்த இடத்தில் மரம் அழுகுகிறது. கெட்டியான சோப்புக் கரைசலை வாளியோடு ஊற்றினால் போதும். உடம்பை மூடிக்கொள்ளுங்கள், முடி பட்டால் தடிக்கும்.

## பலாவில் பிஞ்சு கறுத்து உதிர்ந்தால்

விரல் பருமனில், நுனிக்கிளையில் இருந்து, மாவு படிந்தாற்போல் ஆகிக் கறுத்து விழுவது ஆண் பூ. அது விழத்தான் செய்யும். காயாவது அடிமரத்திலும் பெருங்கிளையிலும் தடித்த காம்போடு வருவது. அதன்மேல் சாம்பல் பூஞ்சை படர்ந்து கரும்பொடி உதிர்ந்தால் பிஞ்சழுகல். பறித்துப் புதைத்துவிட்டு, உள்கிளைகளைக் கழித்துக் காற்று போகவிட்டு, 1 சத போர்டோ தெளியுங்கள். விதைமரம் ஏழெட்டு ஆண்டுக்கு முன் காய்க்காது.

## பப்பாளி பூத்தும் காய்க்கவில்லை என்றால்

நீண்ட காம்பில் சரம் சரமாகத் தொங்கும் பூ என்றால் ஆண் மரம். பூக்கும் வரை கண்டுபிடிக்க வழியில்லை. குழிக்கு மூன்று நான்கு கன்று வைத்து, பூத்தபின் பெண் மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கோ 3, கோ 7 ரகங்களில் இந்தத் தொல்லை இல்லை. இலை சுருங்கித் தேமலாகி, காம்பில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் நச்சுயிரி. அன்றே பிடுங்குங்கள்.

## எலுமிச்சை அடிமரத்தில் பிசின் வடிந்தால்

தண்ணீர் தண்டைத் தொடுகிறது. பட்டையைச் செதுக்கிப் போர்டோ பசை பூசி, இரட்டை வட்டப்பாத்தி எடுங்கள். உள்வட்டம் தண்டைச் சுற்றி ஒரு அடிக்கு உலர்ந்தே இருக்க வேண்டும், நீர் வெளிவட்டத்தில் மட்டும். பிசின் தண்டைச் சுற்றி முக்கால் பங்கு வந்துவிட்டால் புதுக் கன்று வாங்குவதே குறைந்த செலவு.

## கோடையில் புதுக் கன்று காய்ந்தால்

களிமண் வெடிக்கும்போது இளவேர் அறுந்துபோகிறது. தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும், கன்றுக்குச் சேராது. முதலில் கொத்தி வெடிப்பை மூடுங்கள், பிறகு 6 அங்குலத்துக்கு வைக்கோலும் தென்னை மட்டைத் துண்டும் மூடாக்கு, அதன் பிறகுதான் தண்ணீர். தண்டை ஒட்டி 4 அங்குலம் மூடாக்கு இல்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். அடியில் ஊசித்துளை இட்டுத் துணித்திரி செருகிய பழைய மண்பானையைப் பக்கத்தில் புதைத்து நிரப்பிவைத்தால் மேல்மண் காய்ந்தாலும் வேர்மட்டத்தில் ஈரம் நிற்கும்.

## அலுவலகத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 கட்டணமில்லாதது, தமிழிலேயே பேசலாம். முற்றிலும் காய்ந்த இலையைக் கொண்டுபோனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நோய் பாதி ஏறிய இலை, அதே மரத்தின் நல்ல இலை, வேர்த்துண்டு, குழியில் எடுத்த அரைக் கிலோ மண், அரை லிட்டர் போர் தண்ணீர். இலையைச் செய்தித்தாளில் சுற்றுங்கள், நெகிழிப் பையில் போட்டால் வழியிலேயே அழுகும். மண்ணை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். மரத்தின் வயது, ரகம், கடைசியாக எப்போது எதைப் போட்டீர்கள், தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். முழு மரமும் தெரியும்படி ஒரு படம், அடிமரத்துக்கு ஒரு படம், தோண்டிய குழிக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.